சிரிக்காத குரல்

அன்புள்ள அக்கா,

அச்சகத்தில் நீங்கள் வாசிக்க வாசிக்க நான் பிழை திருத்துவேனே, இப்போது கம்ப்யூட்டர்தான் வாசிக்கிறது. இருமுவதில்லை, டீ கேட்பதில்லை.

நேற்று ‘உருகிப்போனான்’ என்று இருக்கவேண்டிய இடத்தில், "அவள் சிரிப்பில் அவன் கருகிப்போனான்" என்று வாசித்தது. நீங்களாக இருந்தால், "ஐயோ, தண்ணிய ஊத்துடி அவன் மேல!" என்றிருப்பீர்கள். தனியாகச் சிரித்தேன். அழுகை வந்துவிட்டது.

"வாசிக்க இனி ஆள் வேணுமா?" என்று முதலாளி கேட்டபோது, "மெஷினே போதும் சார்" என்றவள் நான்தான். என் வேலை போய்விடுமோ என்ற பயம். போனது உங்கள் வேலை.

இங்கே ‘மன்னித்துவிடுங்கள்’ என்று எழுதி, கம்ப்யூட்டரை வாசிக்கவைத்துக் கேட்டேன். பக்க எண்ணை வாசிப்பது மாதிரி சொன்னது. அந்தச் சொல்லை அழித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நீங்கள் கதவைத் திறக்காவிட்டாலும் வாசலில் நின்று என் வாயால் சொல்லிவிட்டுப் போகிறேன்.

உங்கள்
‘பென்சில்’