மார்கழியில் துணி காயும் இடம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
8.8.95

அன்பு மகள் கோதைநாயகிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும், போன வாரம் ஈன்ற பசுவும் அதன் கன்றும் நலம். அங்கே பிலாயில் நீயும் மாப்பிள்ளையும், ஐந்து மாதமாக உன் பங்கில் கைவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற ஆளும் நலமாக இருக்க ஆண்டாள் துணை. உன் கடிதம் தேருக்கு முதல் நாள் கிடைத்தது. வீடு நிறைய விருந்தாளிகள், யாருக்குச் சோறு போட்டேன் யாருக்குப் போடவில்லை என்றே தெரியவில்லை, அதனால்தான் பதில் தாமதம். வாந்தி நின்றுவிட்டது என்று எழுதியிருந்தாய், அதைப் படித்த பிறகுதான் எனக்கும் சோறு இறங்கியது. அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஆனாலும் மில்லுக்கு ராஜபாளையம் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வருகிறார், சொன்னால் கேட்பதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசியபோது மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியும். இங்கே குவார்ட்டர்ஸில் கரண்ட் போவதே இல்லை, பக்கத்திலேயே ஆஸ்பத்திரி, அங்கே ராத்திரி முழுக்க இருட்டில் பச்சைப்பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் அத்தை, பிரசவம் இங்கேயே நடக்கட்டுமே என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. இங்கே இப்போதெல்லாம் சாப்பிட்டுப் படுக்கிற நேரம் பார்த்துக் கரண்ட் போகிறது, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்கு வராமல் இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை கோதை. மாப்பிள்ளையிடம் சரி என்று சொல்லிவிட்டு வீடு வரும்வரை உன் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு அந்த சோலார் பிளேட் ஞாபகம் வந்தது. ராஜபாளையம் பொருட்காட்சியில் ஒரு கடையில் வைத்திருந்தார்களே, கண்ணாடிச் சட்டத்துக்குள் நீலமாக, வெயிலில் வைத்தால் விளக்கு எரியும் என்று. அப்போது நான் அதைத் தொட்டுப் பார்த்தேன், பின்னால் திருப்பிப் பார்த்தேன், காது வைத்துக்கூடப் பார்த்தேன். உள்ளே ஒரு சத்தம் இல்லை, ஒன்றும் சுற்றவில்லை, பிறகு எப்படிக் கரண்ட் வருகிறது என்று கடைக்காரரைத் துளைத்து எடுத்துவிட்டேன். அப்பா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

பிளேட் வாங்கலாம், அதை யாரிடம் கொடுத்து மாட்டுவது என்பதுதான் கேள்வி. இந்த ஊரில் எத்தனை வீட்டில் இருக்கிறது, யாரைக் கேட்பது? மதுரையில் ஒரு கம்பெனிக்கு ஆர்டர் பிடிக்கிற பையன் ஒருவன் வந்தான், பெயர் உப்பிலி, நம்மூர் மடவார் வளாகத்துக்காரன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பிக்கொண்டு நின்றான். இரண்டு லைட்டு, இரண்டு ஃபேன், டிவி எல்லாம் விடிய விடிய ஓடும், நம்ம ஊரு வெயிலுக்கு என்னம்மா குறைச்சல் என்றான். ராத்திரி வெயில் இல்லையே என்றேன், பேட்டரி பாத்துக்கிடும்மா என்றான். மழை பெய்தால் என்றேன், கவலையே படாதீகம்மா என்றான். அந்தப் பேட்டரி எத்தனை வருஷம் உழைக்கும் என்றேன், அதற்கும் கவலையே படாதீகம்மா. எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. இருந்தாலும் விசாரிக்காமல் எதையும் செய்கிறவள் இல்லையே உன் அம்மா. மாப்பிள்ளை பார்க்கும்போது எப்படி விசாரிப்போமோ அப்படியே போய் விசாரித்தேன். அவன் தெருவில் பால்காரரிடம் கேட்டேன், துணி தேய்க்கிறவரிடம் கேட்டேன், எதிர்வீட்டு அம்மாளிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே கேட்டேன். பீடி சிகரெட் கிடையாது, அம்மா பேச்சைத் தட்டமாட்டான், அக்காவை நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், சொந்த வீடு. ஒரு குறை சொல்ல ஆள் இல்லை. சந்தோஷமாக வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ஏட்டி, கோதைக்கு எனக்குத் தெரியாம ஒரு தங்கச்சி இருக்காளா, யாருக்கு நீ மாப்பிள பாக்குத என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது, ஆனால் பக்கத்து வீட்டு ஜெயபாய் டீச்சர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள் பார். எல்லாம் சரிதான் அழகுத்தாயி, அந்தப் பையன் இதுவரைக்கும் யார் வீட்டுல மாட்டியிருக்கான் என்றாள்.

அதைக் கேட்க மறந்தே போனேன். மறுநாள் அவன் வந்தபோது கேட்டேன், அவன் கவலையே படாதீகம்மா என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, உங்க வீடுதாம்மா முதல் வீடு என்று சொல்லிவிட்டான். பாவம், முகம் சுருங்கிப்போயிற்று. அவன் பொய்க்காரன் இல்லை கோதை, கம்பெனி சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறான், அதற்கு மேல் அவனுக்கே தெரியாது. காப்பி கொடுத்து அனுப்பினேன்.

அதற்குப் பிறகு அப்பா மில்லில் விசாரித்துத் தவசிமுத்து என்று ஒருவர் பெயரைக் கொண்டுவந்தார். ராஜபாளையத்துக்காரர், பாலிடெக்னிக்கில் படித்தவர், மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார், தோட்டங்களுக்கு இந்த பிளேட்டும் மாட்டிக் கொடுக்கிறார். அவரைப் பற்றி அக்கம்பக்கத்தில் கேட்டால் ஒரு நல்ல வார்த்தை வரவில்லை. அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லை, கல்யாண வீட்டுக்குப் போனாலும் சண்டை இழுத்துக்கொண்டு வருவார் என்றார்கள். பெண் கேட்டு வந்திருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பேன். ஆனால் இந்தத் தடவை நான் அதோடு விடவில்லை. யார் வீட்டில் மாட்டியிருக்கிறார் என்று கேட்டேன். ஆலங்குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு என்று தெரிந்தது. பஸ் ஏறிப் போய்விட்டேன். அந்த வீட்டுக்கார அம்மாள் இசக்கியம்மாள், தோட்டத்துக்கு இன்னும் கரண்ட் கம்பி வரவில்லை, இரண்டு வருஷமாக இந்த பிளேட்டில்தான் விளக்கு. முன்னே பின்னே தெரியாத பொம்பளை வந்து கூரை மேலே என்ன, பெட்டிக்குள்ளே என்ன என்று கேட்டால் யாருக்கும் சந்தேகம் வரும், ஆனால் மகள் பிரசவத்துக்கு என்றதும் பாயை விரித்துவிட்டாள். பிளேட்டை வாரம் ஒரு தடவை துடைக்க வேண்டுமாம், பக்கத்து சிமெண்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் தூசி படிந்தால் வெளிச்சம் மங்குமாம். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டதற்குத் தவசிமுத்து அவளைத் திட்டிய திட்டை எனக்கு நடித்தே காட்டினாள். அவிய வாயத் தொறந்தா நமக்குப் பத்திக்கிட்டு வரும், ஆனா கார்த்திகை மழையில லைட்டு அணஞ்சிபோச்சுன்னு சொல்லி அனுப்புனேன், முழங்கால் சகதியில சைக்கிளத் தூக்கிக்கிட்டு வந்து நின்னாவ பாருங்க என்றாள். எனக்கு அது போதும் என்று தோன்றியது.

போன வாரம் அவர் வந்தார். வாங்க என்று சொல்லி முடிப்பதற்குள் நேரே மாடிக்குப் போய்விட்டார். வெயில் கொளுத்துகிறது, மாடியில் கால் வைக்க முடியவில்லை, இவர் என்னடாவென்றால் வெயிலைப் பார்க்காமல் தெற்கே கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பக்தி உள்ளவர் போலிருக்கிறது என்று நினைத்தேன். திரும்பி என்னிடம், மார்கழி மாசம் ஈரத்துணிய எங்கன காயப் போடுவீக என்று கேட்டார். இது என்ன கேள்வி என்று நினைத்துக்கொண்டே, மார்கழியில மாடியில காயாதுய்யா, உச்சி வரைக்கும் கோபுர நிழல், பொறவு டீச்சர் வீட்டுப் புளியமரத்து நிழல், கெணத்துக்குப் பின்னாலதான் கொடி கட்டுவேன் என்றேன். சொல்லி முடிக்கும்போதே எனக்குச் சுருக்கென்றது. வருஷா வருஷம் ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போகிறவள் நான். உப்பிலி மாடியைக் காட்டி இங்கே மாட்டலாம் என்றபோது நானும் தலையாட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். இப்போது ஆடியில் சூரியன் வடக்கே சாய்ந்து போகிறது, அதனால் நிழல் நம் பக்கம் வருவதில்லை. சூரியன் தெற்கே போய், நீ பிள்ளையோடு இருக்கப்போகிற மாதத்தில்தான் வந்து விழும்.

கொஞ்சம் நிழல் விழுந்தால் கொஞ்சம்தானே குறையும் என்று கேட்டேன். அவர் கீழே இறங்கிப் போனார். சைக்கிளிலிருந்து சிலேட்டு அளவுக்கு ஒரு சின்ன பிளேட்டையும் விளையாட்டுச் சாமான் போல ஒரு ஃபேனையும் எடுத்து வந்து வெயிலில் வைத்தார். ஃபேன் விர்ரென்று சுற்றியது. கைய வையுங்க என்றார். நான் ஓரத்தில் நாலு விரலை மட்டும் நிழல் விழும்படி பிடித்தேன். அம்புட்டுத்தான், ஃபேன் நின்றுவிட்டது. கையை எடுத்தால் சுற்றுகிறது, வைத்தால் நிற்கிறது. எனக்கு அதை விட்டு வர மனசே இல்லை, அப்பாவைக் கூப்பிட்டு அவரையும் விரலை வைக்கச் சொன்னேன். தவசிமுத்து பொறுத்துப் பார்த்துவிட்டு, வெளாண்டது போதும், இந்த மாடியில நான் மாட்டமாட்டேன், வேற ஆளப் பாத்துக்கிடுங்க என்று இறங்கிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பின்னாலேயே போய், கிணற்றுக்குப் பின்னால் துணி காய்கிற இடத்தில் வைத்தால் என்ன என்று கேட்டேன். அங்கே போய் நின்று, நாலு பக்கமும் பார்த்துவிட்டு, இரும்புக் கம்பம் நட்டு அதன் மேல் வைத்தால் சரிப்படும் என்றார். ஆனால் ஒரு ரூமுக்கு ஒரு லைட்டு, ஒரு சின்ன ஃபேன், அவ்வளவுதான். அப்பா மெதுவாக டிவி என்றார். டிவி பாக்கணும்னா கரண்ட் வரும்போது பாத்துக்கிடுங்க என்றுவிட்டார். அதோடு நிறுத்தவில்லை. கார்த்திகையில் தொடர்ந்து நாலு நாள் வானம் மூடம் போட்டால் அந்த லைட்டும் எரியாது, அப்போது என்னைத் திட்டக்கூடாது, திட்டுகிறதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றார்.

கோதை, உப்பிலி சொன்னதை அப்படியே உனக்கு எழுதியிருந்தால் நீ மாப்பிள்ளையிடம் காட்டிச் சம்மதம் வாங்கியிருப்பாய், நீயும் வந்திருப்பாய். அந்த ஆசை எனக்கு வராமல் இல்லை. ஆனால் அந்த முரட்டு மனுஷன் வியாபாரம் போனாலும் போகட்டும் என்று என்னிடம் உள்ளதைச் சொல்லும்போது, பெற்ற மகளிடம் நான் கூட்டிச் சொல்லலாமா? அதனால் இதை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டு. நம் வீட்டில் உள் அறையில் ஒரு லைட்டு எரியும், ஒரு ஃபேன் சுற்றும். நாலு நாள் வானம் மூடினால் இரண்டும் நின்றுவிடும், அப்போது அரிக்கேன் விளக்கும் என் கை விசிறியும்தான். பிரசவத்துக்கு ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரி பார்த்துவிட்டேன், லேடி டாக்டர் நல்லவர், ஜெனரேட்டர் இருக்கிறது, இருக்கிறது என்று சொன்னதோடு விடாமல் ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன், அங்கே இருந்த நர்ஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இவ்வளவுதான் நம்மிடம் இருக்கிறது. இது போதாது என்று மாப்பிள்ளைக்குத் தோன்றினால் நான் வருத்தப்படுவேன், வருத்தப்படமாட்டேன் என்று எழுத வரவில்லை, ஆனால் சண்டை போடமாட்டேன். கார்த்திகை பிறந்ததும் ரயிலேறி அங்கே வந்துவிடுவேன், எனக்கு அந்த ஊர்க் குளிரும் தெரியாது பாஷையும் தெரியாது, பரவாயில்லை, கேட்டுத் தெரிந்துகொள்வேன். நீ வருவதாக இருந்தால் மட்டும்தான் கம்பம் நடச் சொல்லுவேன். எங்கள் இரண்டு பேருக்கு அந்த ஃபேன் எதற்கு?

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல்லு. இரும்புச் சத்து மாத்திரையை மறக்காமல் போடு, உயரத்தில் இருப்பதை எட்டி எடுக்காதே, கீரையைக் கண்டால் முகத்தைச் சுளிக்காதே. நீங்கள் மூன்று பேரும் குறைவில்லாமல் இருக்க ஆண்டாளும் வடபத்ரசாயியும் காக்கட்டும். இந்தக் கடிதம் கண்டதும் வருகிறாயா இல்லையா என்று ஒரு வரி போட்டுவிடு, தாமதிக்காதே. உன் பதில் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், உன் அப்பா அந்த முழங்காலை வைத்துக்கொண்டு நேற்றே கிணற்றுக்குப் பின்னால் கம்பத்துக்குக் குழி வெட்டிவிட்டார். கன்றுக்குட்டி காலை விட்டுவிடும் என்று அதன் மேல் பலகை போட்டு மூடி வைத்திருக்கிறோம்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா
த. அழகுத்தாய்