நாடக வகுப்பை நிறுத்தச் சொன்ன கடிதம்

இஞ்சாருங்கோ,

இப்படி உங்களைக் கூப்பிட்டு இரண்டு வருடமாகிறது. கோபப்படாமல் கேளுங்கள், நான் ஒரு பிழை செய்துவிட்டேன்.

உங்கள் செல்ல மகள் தாரணி இப்போது ஆறாம் வகுப்பு. மே மாதம், இங்கிலாந்து முழுக்க அந்த வகுப்புக்கு வைக்கிற சாட்ஸ் சோதனை. இங்கே லண்டன் கோலியர்ஸ் வுட்டில் சனிக்கிழமை டியூஷன் வாசலில் நிற்கிற தாய்மாருக்கு வேறு கதையே கிடையாது. யாருடைய பிள்ளைக்கு எத்தனை புள்ளி, யார் எந்தப் புத்தகத்தை முடித்துவிட்டாள். கேட்கக் கேட்க எனக்கும் பயம் பிடித்தது. தகப்பன் இல்லாத பிள்ளையின் படிப்பைத் தாய் கோட்டைவிட்டாள் என்று நாளைக்கு நாலு பேர் சொல்லிவிட்டால்?

அந்தப் பயத்தில்தான் எழுதினேன். செவ்வாய்க்கிழமை நாடக வகுப்பை நிறுத்தி, அந்த நேரத்தில் கணக்குப் படிப்பியுங்கள் என்று தலைமை ஆசிரியைக்கு ஒரு கடிதம். எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழ்த் தாய்மார் ஒன்பது பேரிடம் ஓடி ஓடிக் கையெழுத்து வாங்கினேன். பள்ளிக்கூடமும் புள்ளிக்குப் பயந்துதான் கிடந்தது போலும், அடுத்த வாரமே நாடகம் நின்றது. வாட்ஸ்அப்பில் எல்லோரும் எனக்குக் கைதட்டினார்கள். எனக்கும் பெருமைதான், ஏன் பொய் சொல்லவேண்டும்?

போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட வாசலில் நாடக ஆசிரியை என்னை நிறுத்தினார். தாரணி வகுப்பில் வாயே திறப்பதில்லையாம். நாடகத்தில் மட்டும்தான் குரலை உயர்த்திப் பேசுவாளாம், சிரிப்பாளாம். நீங்கள் கண்ணை மூடிய பிறகு வீட்டிலும் அவள் அளந்துதானே பேசுகிறாள்? படிக்கிற பிள்ளை, அதுதான் அமைதி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே, விசரி!

அன்று சாப்பிடும்போது அவளாகவே கேட்டாள்.

“அம்மா, பேரன்ட்ஸ்தான் டிராமாவை நிப்பாட்டச் சொன்னவையாம். ஆரம்மா சொன்னது?”

“எனக்கெண்டால் தெரியாது பிள்ளை. நீ சாப்பிடு.”

“ஓம்” என்று தலையாட்டினாள். மறுநாள் டியூஷன் முடிந்து வந்து கணக்குத் தாளை மேசையில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். நல்ல புள்ளிதான். “கெட்டிக்காரி!” என்று கத்தினேன். மேலே அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாளைக்குத் தலைமை ஆசிரியையிடம் போகிறேன், நாடகத்தைத் திரும்பத் தரச்சொல்லிக் கேட்க. கையெழுத்துப் போட்ட மாலதி அக்காவையும் கூப்பிட்டுப் பார்த்தேன். “உமக்கென்ன விசரே? சோதனை முடியட்டும்” என்று போனை வைத்துவிட்டார். தனிய ஒருத்தி சொன்னால் கேட்பார்களா? கேட்டு, பிள்ளை சோதனையில் சறுக்கினால்? நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குத் தருகிறேன். காலையில் பள்ளிக்கூடம் வெளிக்கிட முதல் தாரணியிடம் சொல்லிவிடுவேன், அந்தக் கடிதத்தை எழுதியது அம்மாதான் என்று. அவள் கத்தி ஏசினால் தாங்குவேன். ஒன்றும் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாளோ என்றுதான் பயமாக இருக்கிறது.

தாரணியின் அம்மா,
உங்கள் மனைவி வதனி