வெங்கி பாடிய கபடி

திருப்பனந்தாள்
4 பிப்ரவரி 2024

அன்புள்ள ஃபாஜிலுக்கு,

முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று உன் அக்கா அனீஸா சொன்னாள். தரங்கம்பாடிக்குத் தன் வீட்டுக்கே உன்னைக் கூட்டிப்போய்விட்டாளாமே, நல்லது. தினம் மீன் சாப்பிடு, எலும்புக்கு நல்லதாம். மீன் வாசனையே அறியாத வீட்டுக்காரி சொல்கிறேன், சிரிக்காதே.

இரண்டு முறை போன் செய்தாய். நான் எடுக்கவில்லை. உன் குரலைக் கேட்டால், “ஒரு தடவை பாடிக் காட்டேன்” என்று கேட்டுவிடுவேன். தையல்கூடப் பிரிக்காத பிள்ளையிடம் அப்படிக் கேட்கலாமா? அதனால்தான் எழுதுகிறேன்.

என் வெங்கி உங்கள் டீமில் உன்னோடு ஆடிய ஒரு ஆட்டத்தைக்கூட நான் பார்த்ததில்லை. “கபடிக்கு யாருடா மார்க் போடுவா?” என்று கேட்டே அவனை விரட்டினேன். மூன்று வருடம் முன்பு மைதானத்தில் விழுந்தான், எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அனீஸா என்னைக் கும்பகோணம் ஆட்டத்துக்கு இழுத்துவந்தாள். பார்க்கத் தைரியமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டேன். நீ கோட்டைத் தாண்டி ‘கபடி கபடி’ என்று பாடிப் போனாய். முதல் இரண்டு மெதுவாக, மூன்றாவது தூக்கலாக. பக்கத்தில் இருந்தவர், “அச்சு அசலா வெங்கி பாட்டுங்க” என்றார். அன்றிலிருந்து உன் ஆட்டம் ஒன்றையும் நான் விட்டதில்லை.

எப்போது திரும்ப ஆடலாமென்று டாக்டரைக் கேள். வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது.

ஆசிகளுடன்,
சரசா

தரங்கம்பாடி
19 பிப்ரவரி 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

ஃபாஜில் எழுதுவது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறேன். அக்கா நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள், திட்டுவதையும் குறைக்கவில்லை.

இனி கோட்டைத் தாண்டிப் பாடிக்கொண்டு ரைடு போகவே கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். சட்டென்று திரும்பினால் மூட்டு தாங்காதாம்.

கும்பகோணத்தில் நீங்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அந்த ஒரு நாள் உங்களுக்காக வெங்கியைப்போலப் பாடினேன். நீங்கள் அழுதுகொண்டே சிரித்தீர்கள். அப்புறம் என்னால் மாற்ற முடியவில்லை. பாட்டோடு அவனுடைய கால்வரிசையும் வந்துவிட்டது. அவன் குள்ளம், இடதுபக்கம் சுழன்று வருவான். என் உயரத்துக்கு அது ஒத்துவராது. பொங்கல் ஆட்டத்தில் அப்படிச் சுழன்றபோதுதான் மூட்டு போயிற்று.

இப்போது நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறேன். ஓதி முடித்துச் சும்மா இருந்தால் மூச்சுக்குள் கபடி ஓட ஆரம்பிக்கிறது, மூன்றாவது தூக்கலாக. நான் முன்பு எப்படிப் பாடுவேன் என்று எங்கள் கேப்டன் பாசித்திடம் கேட்டேன். “ஞாபகம் இல்லடா” என்றான். எனக்கும் இல்லை அம்மா. பயமாக இருக்கிறது.

உங்கள்,
ஃபாஜில்

திருப்பனந்தாள்
1 மார்ச் 2024

அன்புள்ள ஃபாஜிலுக்கு,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. என்னால்தான் கால் போயிற்றென்று நீ எழுதவில்லை. ஆனாலும் எனக்குப் படிக்கத் தெரியும்.

இனி ஆட வேண்டாம். ஆனால் வெட்கத்தை விட்டு ஒன்று கேட்கிறேன். உட்கார்ந்த இடத்திலேயே ஒரே ஒரு முறை பாடி, பதிவு செய்து அனுப்பு. அதை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடுவேன். அவன் இருந்தபோது கேட்காத காது இது. எனக்கு வேறு எதுவும் இல்லை.

சரசா

தரங்கம்பாடி
24 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

இத்தனை மாதம் பதில் எழுதாததற்கு மன்னியுங்கள்.

நீங்கள் கேட்டதைச் செய்தேன். போனை எதிரே வைத்து வாயைத் திறந்ததும் அப்படியே வந்தது. கேட்டுப் பார்த்தேன். உடனே அழித்துவிட்டேன். அது அவன் இல்லை அம்மா. அனுப்பியிருந்தால் அதைக் கேட்டுக்கொண்டே நீங்கள் அந்த வீட்டுக்குள் கிடப்பீர்கள். நானும் வெளியே வந்திருக்க மாட்டேன்.

நோன்பு மாதம் முழுக்கப் பள்ளிவாசலில் கடைசி வரிசையில் நாற்காலி போட்டுத் தொழுதேன். “நான் யார் என்று காட்டு” என்று அல்லாஹ்விடம் அழுதேன். பதில் எதுவும் வரவில்லை. பெருநாள் நெருங்கியபோது ஒரு நாள் கவனித்தேன், உள்ளே கபடி ஓடவில்லை. என் மூச்சு மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தது. அதுவே போதுமென்று இருந்தது.

“ரைடு போக முடியலன்னா என்ன, கார்னர்ல நில்லுடா, உன் கை நீளம்” என்கிறான் பாசித். டாக்டரும் பார்த்து ஆடச் சொல்லிவிட்டார். கார்னரில் நிற்பவன் பாடி வருகிறவனின் காலைப் பிடித்து, பாட்டு நிற்கும்வரை விடாமல் அழுத்த வேண்டும். வெங்கியையும் அப்படித்தான் பிடித்தார்கள். யாரும் தப்பாக ஆடவில்லை. பாட்டு நின்றது, விசில் அடித்தார்கள், எல்லோரும் எழுந்தார்கள். அவன் மட்டும் கிடந்தான். அந்தக் கையாக நான் மாற வேண்டுமா?

ஆனாலும் பொங்கலுக்கு ஆடப்போகிறேன். வாருங்கள். ஆனால் நான் பாட மாட்டேன்.

உங்கள்,
ஃபாஜில்

திருப்பனந்தாள்
18 ஜனவரி 2025

அன்புள்ள ஃபாஜிலுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. உன்மேல் அவ்வளவு கோபம். பொங்கல் ஆட்டத்துக்கு வரக்கூடாதென்றுதான் இருந்தேன். மனசு கேட்காமல் பஸ் ஏறி வந்து, ஆண்கள் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். நீ பார்த்திருக்க மாட்டாய்.

பச்சை பனியன் பையன் ஒருவன் பாடி வந்தான். நீ கணுக்காலைப் பிடித்தாய். உன் ஆட்கள் எல்லோரும் அவன்மேல் விழுந்தார்கள். பாட்டு நின்றது. முன்னால் நின்றவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். இப்படித்தானே என் பிள்ளைக்கும் நடந்திருக்கும்?

விசில் அடித்ததும் மற்றவர்கள் கை தட்டிக்கொண்டு ஓடினார்கள். நீ மட்டும் அந்த ஆகாத காலை மடக்கி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாய். முதுகில் கை வைத்து, “எழுந்திரிடா, எழுந்திரி” என்றாய். அவன் இருமினான், மண்ணைத் துப்பினான், உன்னைப் பார்த்து முறைத்தான், எழுந்து போனான். அவன் வெளியே போய் உட்காரும்வரை நீ அவனையே பார்த்துக்கொண்டிருந்தாய். “ஆட்டத்தப் பாருடா” என்று பாசித் கத்தினான். அடுத்தவனைப் பிடித்தபோதும் அப்படியே செய்தாய். உன் உதடு ஏதோ முணுமுணுத்தது. உன் பிரார்த்தனை எனக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்ததை நானும் சொன்னேன்.

இனி நான் ஆட்டம் பார்க்க வரமாட்டேன், கண்ணா. உன்மேல் எந்தக் குறையும் இல்லை. நான் தேடி வந்தது அங்கே இல்லை, அவ்வளவுதான். நீ ஆடு. பிடிக்கிறவனையெல்லாம் எழுப்பி அனுப்பு.

வெங்கி செத்துப்போய்விட்டான், ஃபாஜில். இதை நான் இன்றுதான் எழுதுகிறேன்.

சரசா