அப்பாவை விரட்டியதற்குப் பரிசு

ஒஹாயோ, அமெரிக்கா
அக்டோபர் 30

அன்புள்ள அம்மாவுக்கு,

சிசுரு எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, எரிச்சல்தான்.

நம் ஜப்பான் மாதிரி இங்கே பேய்க்கதைக்குக் கோடை இல்லை, அக்டோபர்தான் காலம். இன்று தொழிற்சாலையில் மதியச் சாப்பாட்டின்போது கதைப்போட்டி. கூட வேலை செய்யும் டார்லீன் கதையில் ஒரு பேய் கோடரியோடு துரத்தியது. இறந்தவர்கள் வீட்டுக்கு வந்து தங்கிப்போகும் நாட்கள் என்று ஓபோனைப் பற்றிச் சொல்லி, அப்பா இறந்த பிறகு வந்த முதல் ஓபோனை நான் சொன்னேன். அவர் ஏறி வர, வெள்ளரிக்காய்க்குக் குச்சிக்கால் வைத்துக் குதிரை செய்தோம். சாயங்காலம் கதவு தானாக நகர்ந்தது. நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "வந்துட்டீங்களா? டீ ஆறுது" என்றாய்.

"அப்புறம்?" என்றாள் டார்லீன்.

"அப்புறமென்ன, அம்மா டீ ஊத்தினாங்க."

"ஐயையோ! வீட்டை வித்துட்டீங்களா? பாதிரியாரைக் கூப்பிட்டீங்களா?"

மூன்றாம் நாள் கத்தரிக்காயில் செய்த மாட்டில் அப்பாவை ஏற்றி அனுப்பினோம், பிரிய மனமில்லாமல்தான் மாடு, அது மெதுவாகத்தான் போகும் என்று விளக்கினேன்.

"அப்பாடா, விரட்டிட்டீங்க!" என்று எல்லாரும் கைதட்டினார்கள். முதல் பரிசு எனக்குத்தான். ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

நம் பார்லி டீ ஒரு பொட்டலம் அனுப்பு. இங்கத்து வெள்ளரிக்காய் தடி தடியாக இருக்கிறது. ஆகஸ்டில் ஓபோனுக்கு நான் செய்த குதிரை நிற்கவே இல்லை.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. அடுத்த ஓபோனுக்கும் ஊருக்கு வர லீவு கிடைப்பது சந்தேகம்தான். என்னைப் பார்க்க அப்பா இந்தப் பக்கம் கிளம்பினால், வேண்டாம் என்று சொல்லிவிடு. விரட்டிவிடுவார்கள்.

உன் மகள்,
சிசுரு