இரண்டாவது கடாகஸ்

டாலின்,
1994 மார்ச், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சிர்க்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். ஊலுவில் நீயும் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். தபால்தலை ஒட்டிய கடிதம் வருகிறதே என்று திகைக்காதே. கணினி வழியாக நான் அனுப்பிய அஞ்சல் ஒன்றுக்குக்கூட நவம்பரிலிருந்து நீ பதில் போடவில்லை. அதோடு, எங்கள் கணினி அறையில் என்னோடு வேலை பார்க்கிற எண்டெல் நினைத்தால் யாருடைய அஞ்சலையும் திறந்து பார்க்கலாம். பார்க்க மாட்டார்தான். ஆனால் இதில் அவரைப் பற்றியும் எழுத வேண்டியிருப்பதால் காகிதமே நல்லது என்று தோன்றியது.

மெரிக்கேயும் குழந்தையும் சுகம். உன் நாத்தனார் கெர்ட்டு சொல்லியிருப்பாள். குழந்தைக்குத் தொண்டை மட்டும் பெரிது. பசித்தால் மாடிப்படி வரை கேட்கிறது. மெரிக்கே இன்னும் மாத்திரை சாப்பிடுகிறாள், ஆனால் மூச்சு வாங்காமல் பேசுகிறாள், பாதிப் பேச்சு என்னைத் திட்டுவது. மகள் திட்டுவதைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

இனி உன்னைத் திட்டுகிறேன். உன் கடைசி அஞ்சலில், உன் விளையாட்டு ஒரு தாயையும் பிள்ளையையும் கொன்றிருக்கும் என்றும், இனி எங்கள் வேலையில் கை வைப்பதில்லை என்றும் எழுதியிருந்தாய். எண்டெல் உனக்கு அனுப்பிய மன்னிப்புக் கடிதத்தைப் படித்துவிட்டுத்தானே அப்படி முடிவு செய்தாய்? அந்த மனிதருக்கு நடந்ததைச் சொல்லத் தெரியாது. மூன்று வரியில் சொல்லிவிட்டு மூட்டை கட்டிவிடுவார். அன்றைக்கு என்ன நடந்தது என்று நான் முழுதாகச் சொல்கிறேன். கேட்டுவிட்டு, உனக்கு அப்போதும் வர மனமில்லை என்றால் என்னிடமே அதைச் சொல்.

போன கோடையை நினைத்துப் பார். நீ கொண்டுவந்த பழைய கணினிப் பெட்டிகளைப் பார்த்து இதெல்லாம் ஓடவா போகிறது என்று நாங்கள் நின்றோம். அவற்றை ஓட்டுகிற யூனிக்ஸ் முழுவதும் ஒரு கட்டு சின்ன டிஸ்க்குகளில் இருந்தது. பாதியில் ஒரு டிஸ்க் படிக்க மறுத்தது. வேறு யாராக இருந்தாலும் ஊருக்குப் போய்த் தபாலில் அனுப்புகிறேன் என்றிருப்பார்கள். நீ அப்படியே கப்பலேறி ஹெல்சிங்கி போய், யாரையோ பிடித்து அந்த ஒரு டிஸ்க்கை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு மறுநாள் திரும்பி வந்தாய். வந்தவள் காப்பிகூடக் குடிக்காமல் உட்கார்ந்தாய். மெஷின் தனக்குப் பெயர் கேட்டபோது கடாகஸ் என்று அடித்தேன், எங்கள் கல்லாங்கரையில் எந்தக் காற்றுக்கும் சாயாமல் நிற்கிற முட்செடி. திரையில் அந்தப் பெயர் வந்து நின்றதும் எண்டெல் ‘மோசமில்லை’ என்றார். உனக்கு முகம் வாடிவிட்டது. அவர் தன் கல்யாணத்தன்று மனைவியைப் பார்த்துச் சொன்னதும் அதே வார்த்தைதான் என்று நான் சொன்ன பிறகுதான் சிரித்தாய்.

கிளம்பும் முன் துறைமுகத்தில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. “ஒண்ணு கட்டிட்டேன்னு ஆடாத விர்வே. அதே மாதிரி இன்னொண்ணை நீ தனியா எடுத்துக் காட்டு. அப்பத்தான் இது உன்னோடது.” எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அறைக்கு வந்து எண்டெலிடம் ஃபின்லாந்துக்காரிகளுக்கு நாக்கு நீளம் என்று சொன்னேன்.

பிறகு ஊரில் உள்ள மருத்துவர்களின் அஞ்சல் எல்லாம் கடாகஸ் வழியாகத்தான் போய்வர ஆரம்பித்தது. மெரிக்கேயின் விஷயம் உனக்குத் தெரியும். சின்ன வயதுக் காய்ச்சலில் இதயத்தின் வால்வு கெட்டவள், பிள்ளையே வேண்டாம் என்று இங்கே சொல்லிவிட்டார்கள். ஆனால் வயிற்றில் வந்துவிட்டது. அவளோ ஹீயுமா தீவில் வாத்தியார் வேலை, டார்மோவோடு குடித்தனம், தீவை விட்டு வரமாட்டேன் என்று ஒற்றைக்கால் பிடிவாதம். நீதான் இதய டாக்டரான கெர்ட்டுவிடம் பேசினாய். தீவின் நர்ஸ் நாடித் துடிப்பையும் எடையையும் கால் வீக்கத்தையும் எனக்கு ஃபோனில் சொல்வாள், நான் அடித்து ஊலுவுக்கு அனுப்புவேன், கெர்ட்டு பதில் எழுதுவாள். என் மகளின் இதயத்தை என் விரலாலேயே தட்டச்சு செய்தேன். ஒவ்வொரு தடவையும் எண்ணைச் சரிபார்க்கிற சாக்கில் இரண்டு முறை படிப்பேன்.

இலையுதிர் காலத்தில் தீவுப் பள்ளிக்கூடத்துக்காக இரண்டாவது மெஷினைத் தயார் செய்தேன். நீ எழுதிக் கொடுத்தபடி, கடாகஸின் டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் புது டிஸ்க்குக்கு நகல் எடுத்தேன். அப்போது அறையில் சூடேற்ற ஆரம்பிக்கவில்லை. ஓவர்கோட்டோடு உட்கார்ந்து, விரல் மரத்துப்போனால் மெஷினின் பின்பக்கம் காற்று வருகிற இடத்தில் கையை வைத்துக்கொள்வேன். நகல் எடுத்து முடித்துப் பார்த்தால், அதுவும் தன் பெயர் கடாகஸ் என்கிறது. அசலின் பெயர், முகவரி எல்லாம் சேர்ந்தே வந்துவிட்டன. மாற்ற வேண்டும் என்று தெரியும். எங்கெங்கே மாற்றுவது என்று தெரியவில்லை. உன்னைக் கேட்டுச் செய்யலாம் என்று, வெளி இணைப்பைக் கொடுக்காமல் முதல் மெஷின் பக்கத்திலேயே வைத்தேன். திரை ஒன்றுதான் இருந்தது, தேவைப்பட்ட பெட்டிக்கு மாற்றி மாற்றிச் சொருகிக்கொள்வோம். இரண்டும் ஒரே பெயர்தான் சொல்லும், குழம்பிக்கொள்ளாதீர்கள் என்று எண்டெலிடமும் சொல்லியிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் உன் பார்சல் வந்தது. மேலே காப்பிப் பொட்டலம், அதன் மேல் உன் கையெழுத்தில் ஒரு சீட்டு. பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கும் முன் மெஷினை ‘கொரிஸ்டெலே’ என்று எழுதியிருந்தாய். காப்பிக்கு அடியில் எங்கள் கொடியின் நீலம், கறுப்பு, வெள்ளையில் ரிப்பன் இருந்தது. நான் பார்த்திருந்தால் உடனே புரிந்திருக்கும். டாலின்காரர்களுக்கு உங்கள் ஊர் டிவிதான் ஃபின்னிஷ் சொல்லிக் கொடுத்தது. நான் இருபது வயதிலிருந்தே உங்கள் காப்பி விளம்பரங்களை மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் பார்சலைப் பிரித்தவர் எண்டெல், அவர் டார்ட்டுக்காரர். அங்கே உங்கள் டிவி எட்டாது. உங்கள் மொழியை எங்கள் மொழியை வைத்துத்தான் ஊகிப்பார். உங்களுக்கு அந்தச் சொல் அலங்காரம் செய் என்பது. எங்கள் மொழியில் அதன் அக்காள் தங்கை மாதிரி ஒரு சொல் இருக்கிறதே, அதற்குச் சுத்தம் செய் என்று அர்த்தம்.

நான் அப்போது தீவுக்கு ஃபோன் பேச மேல்மாடி போயிருந்தேன். நர்ஸ் அன்று காலையில் சொன்ன எண்கள் எனக்குப் பிடிக்கவில்லை. எடை ஏறியிருந்தது. மெரிக்கே படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே தூங்குகிறாளாம். காலையிலேயே கெர்ட்டுவுக்கு அனுப்பியிருந்தேன், பதில் வரவேண்டும். கெர்ட்டு ஆஸ்பத்திரியின் ஃபோனில் அகப்படவே மாட்டாள். புயல் வருகிறது, சாயங்காலத்துக்குப் பிறகு தீவுக் கப்பல் ஓடாது என்று ரேடியோ சொன்னது. கூட்டிவருவதா, அசையாமல் படுக்க வைப்பதா என்று கெர்ட்டுதான் சொல்ல வேண்டும்.

கீழே வந்தேன். எண்டெல் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். “சிர்க்கா சொன்னபடி நகலைச் சுத்தமாத் துடைச்சு வெச்சுட்டேன், விர்வே. இனி தைரியமாப் பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கலாம்” என்றார். நான் திரையின் கம்பியைப் பார்த்தேன். அது முதல் பெட்டியில் சொருகியிருந்தது. அவர் முகம் எப்படி மாறியது என்பதை நான் யாருக்கும் சொல்லவில்லை, உனக்கும் சொல்லப்போவதில்லை. விசைப்பலகையை இழுத்துத் தட்டிப் பார்த்தேன். டிஸ்க்கில் ஒரு எழுத்து மிச்சமில்லை.

அப்போது எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது சிர்க்கா. இன்னொண்ணை எடுத்துக் காட்டு என்று என்னைச் சீண்டினாயே, அந்த இன்னொன்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. அது தனியாக ஓடுமா என்று நான் முழுதாகப் பார்த்ததில்லை. வெளி இணைப்பை முதல் பெட்டியிலிருந்து பிடுங்கி அதில் சொருகினேன். எண்டெல் விசையைப் போட்டார். எழுந்தது. தான்தான் கடாகஸ் என்றது. பெயரையும் முகவரியையும் நான் மாற்றாமல் விட்டிருந்ததால், வெளியில் இருந்த யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஒழுங்காக மாற்றியிருந்தால் அன்றைக்குத் திரும்ப மாற்றத் தெரியாமல் நான் என்ன செய்திருப்பேனோ.

கொஞ்ச நேரத்தில் கெர்ட்டுவின் பதில் வந்து விழுந்தது. உங்கள் ஊலு மெஷின், இங்கே கதவு மூடியிருந்த நேரமெல்லாம் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு விட்டுவிட்டுத் தட்டியிருக்கிறது. அந்தப் பழக்கத்தைக் கண்டுபிடித்தவர்களின் கையைப் பிடித்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. நுரையீரலில் நீர் சேர்கிறது, இன்றே டாலினுக்குக் கொண்டுவா, புயலுக்குக் காத்திருக்காதே என்று எழுதியிருந்தாள். மேல்மாடிக்கு ஓடி ஃபோனில் சொன்னேன், டார்மோ அவளைப் போர்வையில் சுற்றிக் கடைசிக் கப்பலில் ஏற்றினான். மிச்சம் உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலேயே படுத்திருந்து, ஜனவரியில் பெற்றாள்.

எண்டெல் உனக்குச் சொல்லாமல் விட்டது இன்னொன்று இருக்கிறது. அவர் ஏன் அந்தச் சீட்டைக் கேள்வி கேட்காமல் நம்பினார் தெரியுமா? நகலில் ஊரார் நோய்க் கடிதமெல்லாம் அப்படியே இருக்கிறதே, அதைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைக்கலாமா, சிர்க்கா சொல்வது சரிதான் என்று நினைத்திருக்கிறார். நீ அதைச் சொல்லவில்லை. நானும் யோசிக்கவில்லை. உன் சீட்டை அவர் தப்பாகப் படிக்காமல் இருந்திருந்தால், ரிப்பன் கட்டி எல்லோருடைய ரகசியத்தையும் ஹீயுமா பிள்ளைகளுக்குக் கொடுத்திருப்போம். இப்போது சொல், உன் விளையாட்டால் கெட்டது என்ன?

நகல் எடுத்த பிறகு வந்த அஞ்சல்கள் போய்விட்டன, உண்மை. எண்டெல் ஒவ்வொரு மருத்துவரின் வாசலுக்கும் நடந்துபோய்த் தானே சொன்னார். வருஷத்தில் பேசுகிற பேச்சை ஒரு வாரத்தில் பேசித் தீர்த்துவிட்டார். பிறகு நகலிலிருந்து பழைய பெட்டிக்குத் திரும்ப ஊற்றினோம். இப்போது எது அசல் என்று அவருக்கே தெரியாது. பள்ளிக்கூடத்து மெஷின், பெயர் மாற்றி, துடைத்து, உன் ரிப்பனோடு பிப்ரவரியில் பனிக்கட்டிப் பாதை வழியாக லாரியில் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு வோரு, பார்னு என்ற ஊர்களுக்கும் ஒவ்வொரு நகல் எடுத்துவிட்டேன். நீ கேட்டபடி தனியாக.

ஒரு சேதி பாக்கி. ஜூனில் நள்ளிரவு வெளிச்சத் திருநாளுக்கு முந்தைய சனிக்கிழமை, தீவில் மெரிக்கேக்கும் டார்மோவுக்கும் கல்யாணம். குழந்தை முந்திக்கொண்டது, இவர்கள் பின்னால் வருகிறார்கள். எங்கள் மொழியில் கல்யாணத்தை ‘புல்மட்’ என்போம். உங்கள் மொழியில் ‘புல்மா’ என்றால் சிக்கல் என்று எனக்குத் தெரியும், எண்டெலுக்கும் இப்போது தெரியும். அழைப்பை அவர்தான் ஃபின்னிஷில் எழுதினார், இதோடு வைத்திருக்கிறேன். தப்பு இருந்தால் நேரில் வந்து திருத்து. மெரிக்கே பக்கத்தில் உட்கார்ந்து, “சிர்க்கா அத்தை வரலேன்னா நான் மோதிரத்துக்குக் கையை நீட்ட மாட்டேன்னு எழும்மா” என்கிறாள். எழுதிவிட்டேன்.

பதில் எழுத முடியவில்லை என்றால் எழுத வேண்டாம். எதுவும் கொண்டுவரவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து நான் துறைமுகத்தில் நிற்பேன். ஹெல்சிங்கியிலிருந்து வருகிற முதல் கப்பலில் நீ இல்லையென்றால் அடுத்ததற்கு நிற்பேன், அதிலும் இல்லையென்றால் அதற்கு அடுத்ததற்கு. குழந்தை என் தோளில் இருக்கும். நீ இறங்கி வந்து அதை ஒரு நிமிஷம் வாங்கிக்கொண்டால் போதும், என் கை வலிக்கும்.

உன் கைகளைக் கடவுள் நன்றாக வைக்கட்டும்.

உன்மேல் கோபமும் நன்றியும் தீராத
விர்வே