முனை மடக்கிய கம்பி

முழங்கை வரை சிமெண்ட் காய்ந்த கையோடு வந்து, "தொடாதே, தொடாதே" என்று சொல்லிக்கொண்டே என்னைத் தூக்கிக்கொள்ளும் என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிவிட்டது. நினைவு நாளன்று உங்கள் படத்துக்கு மாலை போட்டு, வாழைப்பூ வடையும் வைத்துவிட்டு, அம்மா வழக்கம்போல, "ஏதாவது பேசுடி அவர்கிட்ட" என்றாள். இந்த முறை என்னால் பேச முடியவில்லை. உங்கள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. என் கிருமிகள் வேலை செய்கின்றன. சிமெண்ட் விரிசலை அடைக்கும் பாக்டீரியாவைப் பற்றித்தான் ஆராய்ச்சி என்று நான் முதலில் சொன்னபோது எவ்வளவு சிரித்தீர்கள்! "கிருமிக் கொத்தனாரா? மத்தியானச் சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்கு எறங்குவாரு?" என்று கேட்டீர்கள். சாரத்தில் இருந்து இறங்குவதே இல்லை அப்பா, அங்கேயே சாப்பிட்டுக்கொள்ளும் என்றேன். "அப்ப எங்களுக்கெல்லாம் வேலை போச்சு" என்று அம்மாவிடம் போய்ச் சொன்னீர்கள்.

மண்ணில் சாதாரணமாக இருக்கும் கிருமிதான். அதன் மரபணுவில் சில மாற்றங்கள் செய்திருக்கிறோம். விரிசலில் ஊற்றினால் நீந்தி உள்ளே போகும். போகிற வழியில் வேலையைத் தொடங்காது. விரிசலின் அடிக்குப் போய், அங்கே போதுமான கூட்டம் சேர்ந்த பிறகுதான் தொடங்கும். யூரியாவைத் தின்று, கால்சியத்தைச் சேர்த்துக் கல்லாக்கி, அடியிலிருந்து மேல்நோக்கி அடைத்துக்கொண்டே வரும். வேலை முடிந்ததும் தானே செத்துவிடும்படியும் மாற்றியிருக்கிறோம். ஒரு முடி அகல விரிசலை அது முழுக்க மூடியிருந்ததை மைக்ராஸ்கோப்பில் பார்த்த அன்று, உங்களைக் கூப்பிடப் போனை எடுத்துவிட்டேன். உங்கள் எண்ணை இன்னும் அழிக்கவில்லை.

இனி மற்றது.

ஸ்ரீரங்கத்தில் நீங்கள் மேஸ்திரியாக நின்று கட்டிய அந்த ஐந்து மாடிக் குடியிருப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் மொபெட்டின் முன்னால் என்னை நிற்க வைத்துக் கூட்டிப்போய், எதிரே இருந்த டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தி, "அப்பா கட்டினது" என்று காட்டுவீர்கள். எனக்கு ஒரு பன், உங்களுக்கு ஒரு டீ. பால்கனிகளை நான் எண்ணி முடிப்பதற்குள் கிளம்பிவிடுவீர்கள்.

அங்கே கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் தூண்கள் விரிசல் விட்டிருக்கின்றன. எங்கள் ஆய்வைப் பற்றிக் கேள்விப்பட்டு, குடியிருப்போர் சங்கத்தார் ஆய்வகத்துக்கு எழுதியிருந்தார்கள். மாற்றிய கிருமியை வெளியே பயன்படுத்த எங்களுக்கு அனுமதி இல்லை. ஆனால் உண்மையான பழைய கட்டடத்தின் மாதிரி எங்களுக்குத் தேவைப்பட்டது. தூணைச் சோதித்து, கிருமி இதற்கு உதவுமா என்று அறிக்கை கொடுப்பதாக ஒப்புக்கொண்டோம். நான் போகிறேன் என்று நானேதான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்பா கட்டினது அல்லவா?

முதல் நாள் எல்லோருக்கும் விளக்கிச் சொல்ல, ஆய்வகத்தில் விரிசல் மூடிய ஒரு சின்ன சிமெண்ட் பலகையைக் கொண்டுபோனேன். கிருமிகளைக் கொன்ற பிறகுதான் வெளியே எடுத்தேன். நாற்றம் மட்டும் சாகவில்லை. யூரியாவைத் தின்றால் அம்மோனியா வரும். பஸ் ஸ்டாண்டு கழிப்பறை வாசனை. மூன்றாம் மாடி மாமி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஏன்டிம்மா, இது மூத்திரத்திலேர்ந்து எடுக்கறதாமே?"

"இல்ல மாமி. ஜீயபுரத்துல வாழைக்குப் போடற யூரியாதான்."

"அதெல்லாம் தோட்டத்தோட நிக்கட்டும். இது பெருமாள் எழுந்தருளியிருக்கற அகம். தளிகை பண்ற உள் சுவத்துல புழு பூச்சியை விடறதாவது! ஏன்னா, நீங்களும் வாயை மூடிண்டு நிக்கறேளே?"

சங்கச் செயலாளரான அவர் கணவர், "சுவத்துல இல்லைடீ, தூண்ல" என்றார்.

"தூண் மட்டும் யாராத்து தூணாம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பே கசக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிருக்கு அத்தனை பேரும் அருவருத்து நின்றோம். எங்கள் முதுகுக்குப் பின்னால் அந்தத் தூண் வழவழப்பாக, வெள்ளையடித்து நின்றுகொண்டிருந்தது.

அடுத்த நாள் பூச்சை உடைத்துப் பார்க்கச் செல்வராசு அண்ணன் வந்தார். துறையூர்ப் பக்கம், நல்ல கொத்தனார். உங்களை அவருக்குத் தெரியாது. மூலைத் தூணின் அடியில் துருக்கறை வழிந்திருந்த இடத்தில் உளியை வைத்தார். இரண்டு தட்டில் பூச்சு பெயர்ந்து விழுந்தது. அடுத்த அடியில் உளி பொதுக்கென்று உள்ளே போனது. கல்லில் போகிற சத்தமே இல்லை.

கையை விட்டு இழுத்தார். சிமெண்ட் சாக்கு வந்தது.

சுருட்டித் திணித்த முழுச் சாக்கு அப்பா. கரப்பான் எச்சமும் ஈரப் புழுக்கமும் சேர்ந்த ஒரு வீச்சம் அதோடு வெளியே வந்தது. பின்னால் என் தலை நுழைகிற அளவுக்குப் பொந்து. உள்ளே ஜல்லி மட்டும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்க, நடுவில் கம்பி துரு உரிந்து தெரிந்தது. கான்கிரீட்டைச் சரியாகக் குத்தி இறக்காவிட்டால் இப்படித் தேன்கூடு மாதிரி ஓட்டை விழும் என்று எனக்குத் தெரியும். கான்கிரீட் ஊற்றிய பலகை அச்சைப் பிரித்த அன்றே அது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்திருக்கும் என்பதும் தெரியும்.

"பாத்தியாம்மா! ஓட்டைய அடைக்கிறதுக்குச் சாக்கைத் திணிச்சு மேல பூசியிருக்கானுங்க." அண்ணன் திரும்பித் துப்பினார். "எந்தக் களவாணி மேஸ்திரியோ. இவனெல்லாம் வீட்டுக்குப் போய்ப் புள்ளைகுட்டிக்குச் சோறு ஊட்டியிருப்பான் பாரு, அந்தக் கையால."

சாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவிழாமல் இருக்க அதைக் கட்டுக் கம்பியால் இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கியிருந்தது. முறுக்கிய முனை உள்பக்கம் மடக்கிவிடப்பட்டிருந்தது.

நம் வீட்டுக் கொடிக்கயிறு, கேட்டுத் தாழ்ப்பாள், பிடி அறுந்த என் ஸ்கூல் பை எல்லாவற்றையும் அப்படித்தானே கட்டுவீர்கள்? முறுக்கி வெட்டிய பிறகு, குறட்டால் முனையை உள்ளே மடக்கி, கட்டை விரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பீர்கள். "பாப்பாவுக்குக் குத்திரக் கூடாது." வேறு எந்தக் கம்பி கட்டுபவரும் அதற்கு மெனக்கெட்டு நான் பார்த்ததில்லை.

யாருக்குக் குத்தக் கூடாது என்று அந்தச் சாக்கின் கம்பி முனையை மடக்கினீர்கள் அப்பா? இனி யாரும் பார்க்கவே போகாத ஒரு பொந்துக்குள்?

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சாக்கின் வீச்சத்தால் என்று அண்ணன் நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவர் உளியைத் தீட்டத் திரும்பிய நேரத்தில் கம்பியைக் கழற்றி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஆமாம், நான்தான். ஆராய்ச்சி, உண்மை என்று பேசுகிற உங்கள் மகள். அதை ஒன்பது நாள் என் பேனாப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். வெறும் சாக்கை மட்டும் போட்டோ எடுத்தேன். அந்த ஒன்பது நாளில் என் மேல் எனக்கு வந்த அருவருப்பு, உங்கள் மேல் வந்ததற்குக் குறைந்ததில்லை.

மூன்றாவது நாள், அந்தக் குடியிருப்பைக் கட்டி விற்ற உங்கள் முதலாளியின் மகன் வந்தார். பெரியவர் படுக்கையில் இருக்கிறாராம். தொழில் இவர் கையில். அவர் வந்து நின்றதும் சென்ட் வாசனை அந்த இடம் முழுக்க அடைத்துக்கொண்டது. வந்ததும் மேடம் என்று கூப்பிட்டவர், உடைந்த தூணைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"விசாரிச்சேன். நம்ம மேஸ்திரி பொண்ணாமே நீ? அட, நம்ம வீட்டுப் பொண்ணு! முதல்லயே சொல்லக் கூடாதா பாப்பா?"

நம்ம. அந்த ஒரு சொல்லைக் கையில் எடுத்துக் கழுவ வேண்டும்போல இருந்தது.

"ஒண்ணும் பெரிசு பண்ண வேணாம். இன்னிக்கே அடைச்சுப் பூசிரலாம். மேலாப்புல உங்க மருந்தைத் தெளிச்சு விடு. கிருமி வச்சு ரிப்பேர் பண்ணியாச்சு, கட்டடம் பத்திரம்னு ரிப்போர்ட்ல ரெண்டு வரி."

"அது மருந்து இல்லங்க. வெளியில தெளிக்கவும் கூடாது. முடியளவு விரிசலைத்தான் அது மூடும். இது பொந்து."

"அதெல்லாம் இவங்களுக்குத் தெரியவா போகுது?" குரலைத் தாழ்த்தினார். "தோண்டினா எங்க பேரு மட்டும் வராது பாப்பா. அன்னிக்கு இங்க நின்னு வேலை பார்த்தது யாருன்னு கேப்பாங்க. போய்ச் சேந்த மனுசன். நல்ல பேரோட இருக்கட்டும்."

அதே இடத்தில், அதே குரலில்தான் அவர் அப்பாவும் உங்களிடம் பேசினாரா? இல்லை, யாரும் சொல்லாமல் நீங்களாகவே செய்தீர்களா? இதில் எது தேவலை என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஆய்வகத்தில், தூணிலிருந்து எடுத்த துண்டின் மேல் கிருமிகளை ஊற்றினேன். கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீந்திப் போயின. அடியைத் தேடின. அடியே இல்லை. ஊற்றிய நீரெல்லாம் ஜல்லிச் சந்துகள் வழியாகக் கீழே இருந்த தட்டில் வந்து தேங்கியது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் அந்தத் துண்டில் ஒரு பொட்டுச் சுண்ணாம்பு இல்லை. சேருவதற்கு ஓர் இடம் கிடைக்காமல் ஒன்றுகூட வேலையைத் தொடங்கவில்லை. மேலாக மூடிவிட்டுப் போக அவற்றுக்குத் தெரியாது. நாங்கள் அப்படித்தான் அவற்றை மாற்றியிருந்தோம்.

ஒன்பதாவது நாள், கம்பியை எடுத்து அம்மா முன்னால் வைத்தேன். எங்கே கிடைத்தது என்று சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் அதைத் தொடாமல் பார்த்தாள்.

"செத்தவரை எதுக்குடி இழுக்கற?"

"அந்தத் தூணுக்குப் பக்கத்துல வாட்ச்மேன் வீட்டுப் புள்ளைங்க சைக்கிள் ஓட்டுதும்மா."

அம்மா மிச்சக் கீரையையும் கிள்ளி முடித்தாள். அப்புறம் கேட்டாள்: "அந்த வீட்டைக் காட்டக் கூட்டிட்டுப் போவாரே, ஒரு நாளாச்சும் உள்ள கூட்டிட்டுப் போயிருக்காரா உன்னை?"

இல்லை. ஒரு நாளும் இல்லை. எப்போதும் எதிர்ப்பக்கம்தான். பன் தின்னும் நேரம் மட்டும்தான்.

"கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டப்பவும் போகல. காய்ச்சல்னு படுத்துக்கிட்டாரு. தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்ல." அம்மா எழுந்து கீரையை அலசப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, திரும்பாமலே சொன்னாள். "எழுதிரு."

எழுதினேன். அறிக்கையில், இந்தத் தூணை எந்தக் கிருமியாலும் சரிசெய்ய முடியாது, உடனே முட்டுக் கொடுக்க வேண்டும், அந்த வரிசை வீடுகளைக் காலி செய்ய வேண்டும் என்று எழுதினேன். பொந்தில் என்ன இருந்தது என்பதை எழுதியபோது கம்பியையும் எழுதினேன். அதை ஒன்பது நாள் மறைத்து வைத்ததையும், எதனால் மறைத்தேன் என்பதையும் எழுதினேன். மேற்பார்வை செய்த மேஸ்திரி என்ற இடத்தில் உங்கள் பெயர். கீழே பெயரோடு இனிஷியலும் சேர்த்து என் கையெழுத்து. இரண்டு இடத்திலும் நீங்கள் இருந்தீர்கள்.

சங்கத்தார் வேறொரு பொறியாளரை அழைத்துச் சரிபார்த்தார்கள். அவரும் அதையே சொன்னார். இப்போது தூணைச் சுற்றி இரும்பு முட்டுகள் நிற்கின்றன. மாமி திருவானைக்காவலில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இருபது வருஷமா இந்தச் சாக்கு மேலதான் தளிகை பண்ணிண்டிருந்தோமா?" என்றார். நான் தலையாட்டினேன். அந்த முறை மூக்கைப் பொத்தாமல் வாயைப் பொத்திக்கொண்டார்.

முதலாளி மகன் போனில் பேசியதை உங்களுக்கு எழுத மாட்டேன்.

செல்வராசு அண்ணனிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. முட்டு வைத்து முடித்து அவர் கை கழுவிக்கொண்டிருந்தபோது சொன்னேன். "அண்ணே, நீங்க அன்னிக்குத் திட்டினது எங்கப்பாவை."

அவர் குழாயை மூடினார். ஈரக் கையைத் துண்டில் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "டீ சாப்பிடறியாம்மா?" என்றார். எதிரே அந்தக் கடை இன்னும் இருக்கிறது அப்பா. இரண்டு பேரும் குடித்தோம். எனக்கு ஒரு பன்னும் வாங்கிக் கொடுத்தார். என்னால் தின்ன முடியவில்லை.

உங்கள் மேல் இருக்கும் பிரியம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது. அந்தச் சாக்கையும் என் ஸ்கூல் பையையும் கட்டிய கை ஒன்றுதான். அதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றொன்றை மறக்க எனக்குத் தெரியவில்லை.

அறிக்கையோடு அந்தக் கம்பியையும் ஒரு பைக்குள் போட்டுக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன், குறட்டால் முனையைப் பிரித்து நிமிர்த்தி வைத்தேன். என் கட்டை விரலில் குத்தி ரத்தம் வந்தது. மடக்கவில்லை. யார் எடுத்துப் பார்த்தாலும் குத்தட்டும்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அப்பா. அந்தத் தூணுக்குப் புதுக் கம்பி கட்டும் நாளில் நான் அங்கே போவேன். டீக்கடை வாசலில் நிற்க மாட்டேன். சாலையைக் கடந்து உள்ளே போய், கான்கிரீட் ஊற்றிக் குத்தி இறக்கி, பலகையைப் பிரித்து, அடி முதல் நுனி வரை கையால் தடவிப் பார்த்த பிறகுதான் பூச விடுவேன். அதற்கப்புறம்தான் உங்கள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து பேசுவேன்.

உங்கள் பெயரின் முதல் எழுத்தைத் தன் பெயரின் முன்னால் இன்னமும் போட்டுக்கொள்ளும்,
உங்கள் பாப்பா