தடியனை வாங்கிய மாதம்

ஜூன் 3
பழைய லேப்டாப் இன்று ஒருவழியாகக் கண்ணை மூடியது. பல் மருத்துவருக்காக நான் எடிட் செய்துகொண்டிருந்த பத்து நிமிடப் படம் பாதியில் நிற்கிறது. வேலையை விட்டுவிட்டு, இனி வீடியோ எடிட்டிங்தான் என்று ஊரறிய அறிவித்த பிறகு வந்த முதல் பணி. பதினெட்டாம் தேதி கொடுத்தால் அவருடைய மற்ற இரண்டு கிளினிக் படங்களும் எனக்கு. கொடுக்காவிட்டால் பழைய ஆபீசில் போய் நிற்க வேண்டும்.

என் சேமிப்பு பாதி லேப்டாப்புக்குத்தான் வரும். மீதியைத் தான் போடுவதாக மாமனார் சொன்னார். "ஆனா அதுல நானும் ஓட்டுவேம்மா."

முப்பத்தைந்து வருடம் ரயில் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுவாரம், கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டும் விளையாட்டு வாங்கினார்.

ஜூன் 5
எனக்கு வேண்டியது நிறத்தில் பொய் சொல்லாத திரை. மாமாவுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு. "மழை பெஞ்சா தண்டவாளம் திக்கித் திக்கி வருது. இதுல எந்த டிரைவர் ஓட்டுவான்?" எங்கள் தொகைக்கு இரண்டில் ஒன்றுதான். விமர்சன வீடியோக்கள் பதினொன்று பார்த்தேன். பட்ஜெட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினால் வாழ்க்கையே மாறிவிடும் என்று பதினொருவரும் உறுதியளித்தார்கள்.

ஜூன் 6
கணவரிடம் கருத்துக் கேட்டேன். "ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு." இவருடன் பன்னிரண்டு வருடம்.

ஜூன் 7
கடை. வெள்ளி நிறத்தில் ஒல்லியாக ஒன்று, நான் தேடிய திரையோடு. பார்த்ததும் மனசு போய்விட்டது. மாமா அதன் பக்கத்தில், கிராபிக்ஸ் கார்டு இருந்த கறுப்புத் தடியனிடம் நின்றுவிட்டார்.

"ரெண்டுலயும் லோடு ஏத்துங்கம்மா. ஒரு மணி நேரம் ஓடட்டும்."

விற்பனைப் பெண் சிரித்தாள். "சார், டெமோ அஞ்சு நிமிஷம்தான்."

"அஞ்சு நிமிஷத்துல நான் ஸ்டேஷனையே தாண்டியிருக்க மாட்டேன்."

என் பென் டிரைவிலிருந்த பல் மருத்துவரை இரண்டிலும் ஏற்றினோம். மாமா ஸ்டூல் கேட்டு வாங்கி உட்கார்ந்தார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டின் அடியிலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். வண்டி நிற்கும் இடமெல்லாம் இறங்கி, சக்கர அச்சின் சூட்டைப் பார்த்துப் பழகிய கை. தடியன் வேலையை முடித்துவிட்டான். ஒல்லி கொதித்துப்போய் பாதியில் தவழ்ந்துகொண்டிருந்தது.

"அழகுதாம்மா. ஆனா மேடு ஏறாது."

"உங்க விளையாட்டுக்காகத்தானே மாமா இப்படிச் சொல்றீங்க?"

பஸ்ஸில் மாமா டிரைவருக்குப் பின்னாலிருந்த சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஜூன் 8
ஏன் அப்படிச் சொன்னேன்? வாயா இது? ஒல்லியை நானும்தானே தொட்டுப் பார்த்தேன் — கை சுட்டது.

ஜூன் 10
மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு?" என்றார். தடியனை வாங்கியாயிற்று. படம் பறக்கிறது. ஆனால் திரையில் மருத்துவரின் பற்கள் சாம்பல் நிறம். இதை நம்பி நான் வெளுத்தால், மற்றவர்கள் திரையில் டியூப்லைட் மாதிரி எரியும்.

ஜூன் 12
மாமா காலையில் போய், போர்வையில் சுற்றிய எதையோ தூக்கி வந்தார். மூடப்போகிற போட்டோ ஸ்டுடியோவின் மானிட்டர். நிறம் அச்சு அசல்.

"உங்க ரயில் விளையாட்டுக்கு லீவர் வாங்க வெச்சிருந்த காசுதானே மாமா?"

"அம்புக்குறி பட்டன் இருக்கே."

"பட்டன்ல ரயில் ஓட்டறது அவமானம்னு நேத்து சொன்னீங்க."

"நேத்து வேற. மொதல்ல உன் டாக்டருக்குப் பல்லைத் தேச்சு முடி."

ஜூன் 18
கொடுத்தாயிற்று. மருத்துவர் இரண்டு முறை பார்த்தார். பிறகு சிரித்தார். பற்கள் படத்தில் இருந்த அதே நிறம்.

ஜூன் 21
இரண்டாவது கிளினிக் படத்துக்கான கோப்புகள் வந்துவிட்டன. பதினோரு மணிக்கு என் முறை. போனால், திரையில் மழை, தண்டவாளம் திக்கவில்லை. ரயில்தான் நின்றுகொண்டிருந்தது.

"என்னாச்சு மாமா?"

"சிவப்பு."

"எவ்வளவு நேரமா?"

"நாப்பது நிமிஷம். கேம்ல ஏதோ கோளாறு போல. நீ எடுத்துக்கோம்மா, மூடிடறேன்." கை மட்டும் பட்டனிலிருந்து எழவில்லை.

நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.

"பச்சை விழட்டும் மாமா. உள்ள ஆளுங்க இருக்காங்கல்ல."